இவோன் அம்மா போட்ட டிக்கெட்

மூன்றாவது ஆளும் மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து போனார்.

ஜோசப் ஆனந்த் மடியிலிருந்த பார்சலை முறைத்தான். ஒரு கிலோ வீராம்பட்டினத்துக் கருவாடு, அரை கிலோ தாளிப்பு வடகம். ஏழு பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டியும் வாடை அடங்குவேனா என்றது.

பாரிசில் தங்கை ஜாஸ்லின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்குப் போகிறவனை இடையில் ஒரு வளைகுடா விமான நிலையத்தில் பதினோரு மணி நேரம் உட்காரவைத்த புண்ணியம் இவோன் அம்மாவையே சேரும்.

இவோன் அம்மா கருவடிக்குப்பத்தில் அவனுக்குப் பக்கத்து வீடு. டவுனில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிற வேலை. இரண்டே மணி நேரத்தில் விமானம் மாறுகிற டிக்கெட் இருந்தும் இதைத்தான் போட்டுக் கொடுத்தார். கேட்டதற்கு, அவசரமாக ஓடினால் முட்டி போய்விடும், நிதானமாகப் போ என்றார்.

நாற்பது வயது முட்டி அதுவரை நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது.

டிக்கெட்டோடு பார்சலும் வந்தது. மகன் ஆலேனுக்கு. ஆலேன் பாரிசில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்க்கிறான், போய் நாலு வருஷமாகிறது, லீவுதான் கிடைக்க மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யார் விசாரித்தாலும் இவோன் அம்மா இதைத்தான் சொல்வார்.

பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சோ, அவன் கையிலேயே கொடுத்துடு என்று அவர் கண்கலங்கியபோது ஜோசப்பால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முகவரி கேட்டால், அவனே வந்து வாங்கிக்குவான் என்றார். பெட்டியில் போடாதே, கையிலேயே வை என்றார். அதோடு விட்டாரா? இங்கே உட்கார வேண்டிய இடத்தையும் சொல்லி அனுப்பினார். சக்கர நாற்காலிகள் நிறுத்தியிருக்கும் மூலைக்கு எதிரே; செல்போனுக்குச் சார்ஜ் போட அங்கேதான் வசதியாம். வாழ்நாளில் விமானமே ஏறாத அம்மா.

பாதுகாப்புச் சோதனையில் அதிகாரி பார்சலைப் பிரித்து முகர்ந்துவிட்டு அவனைப் பார்த்த பார்வை, ஜென்மத்துக்கும் மறக்காது.

காலையிலிருந்து அரை மணிக்கு ஒரு மெசேஜ் வேறு. பார்சல் இருக்கா தம்பி. அங்கயேதான இருக்க தம்பி.

மதியம் இரண்டு மணிக்கு அவன் பொறுமை தீர்ந்தது. பார்சலைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டியைப் பார்த்து நடந்தான். சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் முடிந்தது. கருவாட்டைத் தேடிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்?

எதிரே நீலச் சீருடையில் ஒருவன் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஜோசப்பைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகத் தள்ளினான்.

அந்த நடையை ஜோசப்புக்குத் தெரியும். கோயில் மைதானத்தில் எத்தனை மேட்ச் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள்.

"டேய் ஆலேன்."

நாற்காலி நின்றது.

ஆலேன் பாரிசுக்குப் போகவே இல்லை. தாத்தா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்பி ஊருக்கே விருந்து வைத்தாகிவிட்டது. கிடைக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பாரிசுக்கென்று கிளம்பி இந்த ஊரில் வந்து இறங்கிவிட்டான். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். இன்றைய ட்யூட்டி இப்போதுதான், இரண்டு மணிக்கு ஆரம்பித்ததாம்.

ஜோசப்புக்குக் காலையிலிருந்து சேர்த்துவைத்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பார்சலை நீட்டினான்.

ஆலேன் அதை வாங்கி, சீருடையில் இருப்பதையும் மறந்து, முகத்தோடு அழுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"நா பாரிஸ்ல இருக்கேன்னுதாண்ணா அம்மா நெனச்சிட்டு இருக்காங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று ஜோசப் தலையாட்டினான். ஆலேன் பார்சலைச் சக்கர நாற்காலியில் பத்திரமாக உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

செல்போன் அதிர்ந்தது. இவோன் அம்மாவின் மெசேஜ்.

"அங்க மணி ரெண்டு தாண்டியிருக்கும், ட்யூட்டிக்கு வந்திருப்பான். ரொம்ப எளச்சிட்டானா தம்பி? நான் கேட்டேன்னு அவங்கிட்ட சொல்லிடாத."