அசையாத முள்

"அப்பா வண்டியிலதானே தினமும் காலேஜ் போறே?"

"ஆமாம்மா." மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சாவி போட்டுப் பார்த்தேன். ஒரு மாசமா பெட்ரோல் முள் அசையவே இல்ல. எதிர்வீட்டுக்காரி உன்னை பஸ்ல பார்த்தாளாம். வண்டியை எவன் ஓட்டிட்டு பெட்ரோல் ஊத்தித் தர்றான்?"

"யாரும் இல்லம்மா."

"என் காதுல பூ சுத்தாதே."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"தெருமுனை மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிட்டுப் போய் நிறுத்திட்டு, பஸ் ஏறிடுவேன். சும்மா நிக்குதேன்னு நீ அழுதியே, அதனாலதான் வெளியே எடுக்கறேன்."

"ஓட்டினா என்னடா?"

"அப்பா கடைசியா போட்ட பெட்ரோல்மா. ஓட்டினா தீர்ந்துடும்."

மறுநாள் காலை அவன் வண்டியைத் தள்ளியபோது, பின்னாலிருந்து அம்மாவும் ஒரு கை கொடுத்தாள்.