சொன்னதும் சொன்னதாகவும்

“அம்மா சாரி சொல்லச் சொன்னாங்கப்பா. டீ ஆறிடுமாம், உடனே குடிக்கணுமாம்.”

ஜவுளிக்கடைக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு மகளை மேலும் கீழும் பார்த்தார்.

அவரும் மனைவியும் நேரில் பேசிப் பன்னிரண்டு நாளாகிறது. கட்டிலுக்கடியில் அவளுடைய பெட்டி தயார். வருகிற ஞாயிறு அவள் அண்ணன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதுவரை தூது, ஏழாம் வகுப்புப் படிக்கும் இந்த மகள்தான்.

பதினைந்து வருடத்தில் மனைவி வாயிலிருந்து சாரி வந்ததில்லை.

அவர் பார்க்காத தரகரா? இந்தப் பக்கம் ‘அவர் இறங்கி வந்துட்டார்’, அந்தப் பக்கம் ‘இவர் ரொம்ப ஆசைப்படறார்’. சரக்கு இவ்வளவு வழவழப்பாக இருந்தால் அவர் முதலில் மடிப்பைப் பிரித்துப் பார்க்கிற ஆள்.

மகள் சடை பின்னிக்கொள்ள அம்மாவிடம் போனதும், அவளுடைய பள்ளிப்பையைத் திறந்தார்.

ஆங்கில இலக்கண நோட்டு. வீட்டில் கேட்ட பேச்சை இடப்பக்கம் அப்படியே எழுத வேண்டும். வலப்பக்கம் அதையே ‘இன்டைரக்ட் ஸ்பீச்’சாக, இன்னார் இன்னது சொன்னதாக, மாற்ற வேண்டும்.

இடப்பக்கம்: அம்மா சொன்னாள், “அந்த ஆள் முகத்தில் விழிக்கவே எனக்கு இஷ்டமில்லை.”

வலப்பக்கம்: அப்பா சாப்பிட்டாரா என்று அம்மா கேட்டாள்.

இடப்பக்கம்: அப்பா சொன்னார், “போகட்டும், வீடு நிம்மதியாக இருக்கும்.”

வலப்பக்கம்: அம்மா இல்லாவிட்டால் வீடு வீடாக இருக்காது என்று அப்பா சொன்னார்.

பத்துக்குப் பூஜ்யம். கீழே சிவப்பு மையில் டீச்சர்: ‘சொன்னதை மாற்றக் கூடாது. பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவும்.’

நினைத்தேன், என்று முனகிக்கொண்டார். ஆக, சாரியும் பொய், சாப்பிட்டாரா என்ற விசாரிப்பும் பொய். அவள் போகட்டும்.

நோட்டை மூடப் போனவர் நின்றார். சிவப்பு மைக்குக் கீழே நீல மையில் ஒரு கையெழுத்து.

கள்ளக் கையெழுத்தோ? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இல்லை. கல்யாணப் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் விழுந்த மனைவியின் அதே கையெழுத்து, கடைசி எழுத்தில் அதே நீண்ட வால்.

தேதி, ஒன்பது நாளைக்கு முந்தையது.

இதைப் படித்த பிறகும், இந்த ஒன்பது நாளாக, டம்ளர் திரும்பி உள்ளே போனதும் சமையலறையிலிருந்து தவறாமல் ஒரு கேள்வி அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது: அப்பா என்ன சொன்னார்?

நோட்டு இருந்த இடத்துக்கே போனது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

ஒற்றைச் சடையோடு மகள் வந்து நின்றாள். “அம்மா கேட்டா என்னப்பா சொல்லட்டும்?”

“எப்பவும் சொல்றதையே சொல்லு.”