கை வழுக்கிய கோடு

பாறையில் செதுக்கும்போது குவாரனுக்குக் கை வழுக்கிவிட்டது. ஒட்டகத்தின் வயிற்றில் இறங்கவேண்டிய ஈட்டி அதன் கழுத்தில் தொடங்கி, பக்கத்தில் அவன் ஆசைக்குச் செதுக்கி வைத்திருந்த தன் உருவத்தின் கையில் போய் முடிந்தது. பார்க்கக் கயிறு மாதிரியே இருந்தது. வேட்டைக்கு முன் பாறையில் எப்படிச் செதுக்கினார்களோ அப்படியே நடத்திக் காட்டவேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். இறைச்சி கிடைத்தால்தான் அவன் மனைவி நேவிக்குப் பால் சுரக்கும். குழந்தை அழுவதையே நிறுத்தியிருந்தது. ஆனாலும் மறுநாள் ஈட்டிகள் சும்மா கிடந்தன. தோலை முறுக்கிச் சுருக்குப் போட்டு, கன்றோடு நின்ற ஒட்டகத்தைப் பிடித்து, மறுமுனையை அவன் கையில் திணித்துவிட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அது அவனைக் கொண்டு மணலை உழுதது.

"நான் செஞ்சது தப்பா?" என்று தலைவரிடம் கேட்டான்.

"பாறையத்தான் கேக்கணும்."

மைத்துனனிடம் கேட்டான்.

"நல்லாத்தான் செதுக்கியிருக்க மாமா. அந்த மூக்குதான் உன்னுது இல்ல."

வெயில் தாழ்ந்தபோது ஒட்டகம் களைத்து நின்றது. கன்று ஓடிவந்து மடியை முட்டிக் குடித்தது. அதன் கடைவாயில் வழிந்த வெள்ளையையே நேவி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தீக்கோழி முட்டையின் காலி ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நீயாவது சொல்லு. தப்பா?"

"தப்புதான்," என்றாள் நேவி, ஒட்டகத்தின் வயிற்றடியில் குனிந்தபடி. "கயித்த விட்டுடாத."