வரும்போது இறக்கம்

சிங்கப்பூருக்குப் போக ஆறரை மணி நேரம், திரும்பி வர ஒன்றே முக்கால் மணி நேரம் என்று மகளின் போனைப் பார்த்து உரக்க வாசித்தேன்.

காலை பத்துக்குச் சென்னையில் ஏறினால் அங்கே மாலை நாலரை. அங்கே இரவு எட்டுக்கு ஏறினால் இங்கே ஒன்பதே முக்கால். விமானக் கம்பெனி போட்ட நேரம். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என் மனைவி அம்சவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எங்கள் ஒரே மகள் பொற்கொடிக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அவள் அம்மாவோ கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று ஒரே பிடி.

நான் வேலை வந்த அன்றைக்கே ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டேன். வாஷிங் மெஷினையும் அப்படித்தான் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் அம்சவல்லி பிடிவாதம் பிடித்தால் எனக்குச் சும்மா இருக்க வராது.

ஒரே வழி, ஒரே விமானம், வரும்போது மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள்.

காரணத்தைச் சொன்னேன். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். நெய்வேலியில் அறுபது வருஷமாகத் தோண்டித் தோண்டி இந்தப் பக்கத்தையே பள்ளமாக்கி வைத்திருக்கிறோம். தோண்டிய மண் எங்கே போயிற்று என்று நினைக்கிறாய்? சிங்கப்பூர் சும்மாவா மேடானது?

நான் சுரங்கத்தில் ஜீப் ஓட்டுகிறவன். ஆயுதபூஜையன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். அவளையும் கூட்டிப் போயிருக்கிறேன். இறங்கும்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் அடியில் இருந்தோம். மேலே ஏற ஜீப் முக்கி முனகியது. அதேதான் இது என்றேன். அந்தமான் தாண்டியதும் பைலட் இன்ஜினையே அணைத்துவிடுவார், வண்டி தானாக உருண்டு வந்து மீனம்பாக்கத்தில் நிற்கும்.

இங்கே பக்கத்தில் இருக்கிற சேத்தியாத்தோப்பில் கட்டிக் கொடுத்திருந்தால்கூடப் பெண் வந்து சேர அதைவிட நேரமாகும். பஸ்ஸை நடுவில் நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றுவார்கள்.

அம்சவல்லி கீரையைத் தள்ளி வைத்தாள். அப்படியென்றால் அனுப்பலாம் என்கிறீர்களா என்று கேட்டாள்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றேன். இந்த வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான் என்றும் சொன்னேன்.

“அங்க கடியாரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதுங்க. பறக்கிறது என்னமோ ரெண்டு பக்கமும் நாலு மணி நேரஞ்சொச்சந்தான். நானும் போவட்டும்னு சொல்லியிருந்தா, நீங்க இந்நேரம் பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லிகினு ஒக்காந்திருப்பீங்க.”

பொற்கொடி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நான் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். பிறகு, அப்பா என்ற முறையில், ஜன்னலோரமாகச் சீட்டுப் போடச் சொன்னேன்.

நேற்றே போட்டாயிற்றாம்.