கண்டாக்கு கண்ட மூளை

மனிதகுலம் தன் மூளைக்குள்ளேயே விளக்கேற்றிப் பார்க்கும் யுகம் பிறந்துவிட்டது. திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு அந்த யுகம் நாலாக மடித்த தாளாக வந்து சேர்கிறது. கைநடுக்கத்தைக் குடியென்று சொல்லித் தொழிலாளி அழகனுக்கு வேலை மறுக்கிறார்கள்; அது நோய் என்று காட்டக் கண்டி டாக்டர் கொடுத்தனுப்பிய படம் அது. உடலசைவை ஆளும் டோபமின் சுரக்கும் நல்ல மூளையில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள், அது வற்றிய நோய் மூளையில் வெறும் மங்கல். பனியில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு ஆட்கள் நிற்க, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வெளிச்சத்தைக் குத்திக் காட்டுகிறார். “பாத்தியா, கசிப்புச் சாராயம் பத்தி எரியுது. இதுதாண்டா ஒன் மூள.” “நான் குடிக்கிறதில்லீங்க ஐயா.” “இந்தா, இருட்டா அமைதியா கெடக்கே, இது நல்ல மூள. எனக்கெல்லாம் இப்பிடித்தான் இருக்கும். நீ லயத்து வீட்டுக்குப் போ.” அழகன் நடுங்கும் கையை மறு கையால் பிடித்தபடி திரும்புகிறான். கண்டாக்கின் கட்டைவிரலுக்குக் கீழே, எது நோய் மூளை என்று டாக்டர் தமிழிலேயே எழுதியிருக்கிறார்.