காகத்துக்குப் பப்படம்

காகத்துக்கு வைக்கிற சோற்றில் இன்று பப்படமும் இருந்தது.

"காகத்துக்குப் பொரிச்ச பப்படமாம். உங்கடை காகம் என்ன, புது மாப்பிள்ளையோ?" என்று புருசனைக் கேட்டபடி கௌரி இலைத்துண்டில் கத்தரிக்காய்ப் பொரியலை வைத்தார்.

"வெறும் சோறும் பருப்பும் அதுக்கு இறங்குமோ?" நாகேந்திரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி சொன்னார். "இன்னொரு கரண்டி போடு. கஞ்சத்தனம் பிடியாதை."

வேலைக்கு வரும் பிள்ளை ஜீவராணி தலைகுனிந்தபடி இலையை வாங்கினாள்.

புரட்டாதி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. சனி விரதத்தில் காகம் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடி. ஜீவராணி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருகிறாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கிடைத்த வேலை. சமையலுக்கு உதவ வேண்டும். நாகேந்திரத்தைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும்.

பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து, வருகிறவர்களிடமெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான்.

"எழும்புறன், தின்னுறன், குளிசை போடுறன், படுக்கிறன். காகமும் இதைத்தானே செய்யுது. பிறகென்னத்துக்கு மனிசன் எண்டு ஒரு பிறப்பு?"

டொக்டர் சிரித்தார்.

கனடாவிலிருக்கும் மகள், "முதல் சாப்பிடுங்கோ அப்பா, பிறகு யோசிப்பம்" என்றாள்.

கோயில் ஐயர் நீளமாக ஏதோ விளக்கினார். பாதியிலேயே நாகேந்திரம் நித்திரையாகிவிட்டார்.

பிறகு அவர் சாப்பாட்டைக் குறைத்தார். நீரிழிவுக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, மயங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

புரட்டாதியின் முதல் சனிக்கிழமை காகம் வரவில்லை.

பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைப் பச்சை வலையால் மூடியிருந்தார்கள். காகங்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தன. கௌரி தொண்டை வற்றக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"காகம் சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன்." நாகேந்திரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சாப்பிடாமல் இருக்க அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. குளிசை ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தது.

ஜீவராணியும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "நீயும் விரதமோ பிள்ளை?" என்று கௌரி கேட்டபோது, இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று கௌரி மெச்சினார். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

அவள் பல்கனிக்குப் போனாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, காகத்தின் சோற்றைத் தின்றாள். உள்ளே வந்து வெறும் இலையைக் காட்டினாள்.

"காகம் தின்னுருச்சு அங்கிள்."

நாகேந்திரம் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கௌரி ஊட்டிய முதல் வாய்ச் சோற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனியும் அப்படித்தான் நடந்தது.

போன கிழமை அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்த கைத்தடியை எடுத்துத் தரச் சொன்னார். மனுசன் நடக்கப்போகுது என்று கௌரி ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அவர் நடக்கவில்லை. தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பல்கனிக் கதவடியிலேயே இருந்தார்.

இன்றும் அங்கேதான் இருந்தார்.

"இண்டையோடை முடிஞ்சுது," கௌரி பெருமூச்சு விட்டார். "இனிக் காகத்தின்ரை கரைச்சல் இல்லை."

"ஆர் சொன்னது? எனக்குச் சனி இன்னும் விடேல்லை. வாற கிழமையும் பிடிப்பம்."

"உங்களுக்கோ? விரதம் எண்டாலே மூஞ்சையைச் சுழிக்கிற மனுசன்!" கௌரி சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனார்.

ஜீவராணி இலையோடு பல்கனியில் வந்து நின்றாள். கீழே கடற்கரை ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. பப்படத்தின் ஓரத்தை ஒடித்தாள். இன்னும் சூடாக இருந்தது.

சிறகடிக்கும் சத்தம் கேட்டது.

பல்கனிக் கம்பியில் ஒரு காகம். உண்மையான காகம். தலையைச் சரித்து இலையைப் பார்த்தது.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஒடித்த துண்டைத் திரும்ப இலையில் போட்டாள். இலையைக் காகத்தின் பக்கம் நீட்டினாள். அதன் சோறுதானே.

அவளுக்குப் பின்னால், கதவின் நிலையில், டக்கென்று ஒரு அடி விழுந்தது.

காகம் எழும்பி ரயில் பாதைப் பக்கம் பறந்தது.

ஜீவராணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பக்கத்துக் கட்டடத்தின் பச்சை வலையைக் கழற்றிக் கொஞ்ச நாளாகியிருந்தது. வலை இருந்த இடத்தில் இப்போது கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியில் இந்தப் பல்கனி முழுவதும் தெரிந்தது. இலையும் கையுமாக அவள் தெரிந்தாள். இலையில் ஒடிந்து கிடந்த பப்படம்கூடத் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் நாகேந்திரம். இடது கையில் தடி இன்னும் உயர்ந்தபடி இருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. காகம் போன திசையைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காகம் வந்துட்டுதோ?" குசினியிலிருந்து கௌரி சத்தம் போட்டார். "குளிசை போட்ட வயிறு, நேரமாகுது!"

"ஓம், இப்பதான் சாப்பிடுது," என்றார் நாகேந்திரம். "அதை அவசரப்படுத்தாதை."