குடிக்காத காபி

"வந்திருக்கிறது இன்ஜினியரா, பிரதமரா?" கதவைத் திறந்த மிஸ்லெஹ் சிரித்தார்.

"இன்ஜினியர்தான், மிஸ்லெஹ்," என்றார் சாஹெர். அவர் பின்னால் தலைநகர் அம்மானிலிருந்து கூட வந்த மூன்று பெரியவர்கள், கறுப்பு மேலங்கியோடு நின்றார்கள்.

"அதென்ன புதுசா பேரைச் சொல்றீங்க? இருபது வருஷமா உங்களுக்கு நான் 'நாயிஃப் அப்பா'தானே. ராஜா உங்களுக்குப் பதவி கொடுத்ததும் மறந்துபோச்சா?"

சாஹெர் உட்கார்ந்தார். பழைய கால்வாய் வெட்டிய காலத்தில் மிஸ்லெஹ் அவருடைய டிரைவர். போன வாரம் ராஜா கூப்பிட்டுப் பிரதமர் ஆக்கும்வரை, புது அணைக்கு மலையில் சுரங்கம் வெட்டும் வேலையும் சாஹெரின் பொறுப்பில்தான் இருந்தது. மிஸ்லெஹின் மகன் நாயிஃபுக்கு அங்கேதான் வேலை.

மிஸ்லெஹ் காபி ஊற்றிக் கொடுத்தார். சாஹெர் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

மிஸ்லெஹுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊர் வழக்கப்படி, ஏதோ கேட்க வந்தவர்தான் காபியைக் கீழே வைப்பார். கேட்டது கிடைத்த பிறகுதான் தொடுவார். பெரியவர்களைக் கூட்டி வந்து கேட்பது வேறென்ன, பெண்தானே? சாஹெரின் மகன் டாக்டர். இந்த வரனை விட்டால் தன் மகள் ஹயாவுக்கு இப்படி இன்னொன்று அமையுமா? திரைக்குப் பின்னால் மனைவியின் வளையல் சத்தம் கேட்டது.

"மிஸ்லெஹ், முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க..."

எப்போதும் அடங்காத மிஸ்லெஹின் வாய் அன்றைக்கும் அடங்கவில்லை.

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்களை வாய்விட்டுக் கேக்க வச்சா எனக்குத்தான் கௌரவக் குறைச்சல். குடிங்க. எதுக்கு வந்தீங்களோ, அதைக் கொடுத்தாச்சு. இவங்க மூணு பேரும் சாட்சி."

அப்படிக் கொடுத்த வாக்கை அந்த ஊரில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. பெரியவர்களில் ஒருவர் கண்களை மூடிக்கொண்டார்.

"என்ன, எல்லாரும் உம்முன்னு இருக்கீங்க? மாப்பிள்ளை எங்கே? நாயிஃப் சாயங்காலம் வந்துடுவான், அவனும் கேட்டா..."

"நான் பொண்ணு கேக்க வரலை." சாஹெர் எழுந்து நின்றார். "ராஜா கூப்பிட்ட அன்னிக்கு அரண்மனை கார் வாசல்ல நின்னுச்சு. சுரங்கத்தோட கடைசி வரைபடத்தைப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன். இன்னைக்குக் காலையில சுரங்கம் இடிஞ்சு விழுந்துடுச்சு. உங்க பிள்ளை உயிருக்கு மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்... நாயிஃப் அப்பா."